18 வயதுக்கு முன் வீட்டை விட்டு வெளியேறலாமா? இந்தியச் சட்டம் சொல்வது என்ன

பொதுத்தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். மதிப்பெண் குறைந்ததற்கு வீட்டில் திட்டினார்கள் என்று, பையில் நாலு துணியோடு கிளம்பிய பதினேழு வயதுப் பையன் வேறொரு ஊர் ரயில் நிலையத்தில் ரயில்வே போலீசாரிடம் சிக்குவான். அதே பக்கத்தில் காதல், வீட்டில் எதிர்ப்பு, மாணவி மாயம் என்று இன்னொன்று. தானாகக் கிளம்பிப் போன பிள்ளையைப் போலீஸ் எந்த அதிகாரத்தில் பிடித்துக்கொண்டு வருகிறது? பிளஸ் டூ முடிக்கும் வயதில் இருப்பவருக்குத் தான் எங்கே வாழ்வது என்று முடிவு செய்ய உரிமை இல்லையா?

இணையத்தில் தேடினால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. கிடைக்கும் பதில்களில் பாதி அமெரிக்காவுக்கானவை, மீதி இங்கிலாந்துக்கானவை. இந்தியாவில் நிலைமை வேறு. சுருக்கமாகச் சொன்னால், 18 வயது முடியாத ஒருவர் பெற்றோர் சம்மதமில்லாமல் வீட்டை விட்டுப் போவது குற்றமல்ல. ஆனால் தனியாக வாழும் உரிமையும் அவருக்குக் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் சட்டத்தின் எல்லாச் சிக்கலும் உட்கார்ந்திருக்கிறது.

மைனர் என்பவர் யார்?

1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிறைந்தால் ஒருவர் மேஜர். நீதிமன்றம் காப்பாளர் நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் இது 21 என்று நெடுங்காலம் இருந்தது. 1999இல் செய்த திருத்தத்தோடு அந்த வேறுபாடு போய்விட்டது.

மேஜராகும் வரை பிள்ளைக்கு ஒரு காப்பாளர் இருந்தாக வேண்டும். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதலிலும் தாயை அவருக்குப் பின்னும் வைத்தது. தந்தை உயிரோடு இருந்தாலும் பொறுப்பில் இல்லாத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பெற்றோர் ஒப்படைத்த விடுதிக் காப்பாளரோ மாமாவோ சித்தியோகூட, குற்றவியல் சட்டத்தின் பார்வையில், அந்த நேரத்துக்குச் சட்டப்படியான காப்பாளர்தான். ஆகவே விடுதியிலிருந்து ஓடினாலும் வீட்டிலிருந்து ஓடினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

பெற்றோர் சம்மதித்தால் பிரச்சினையே இல்லை. விடுதியில் தங்கலாம், பாட்டி வீட்டில் இருந்து படிக்கலாம், வெளியூரில் அறை எடுத்துக் கொடுத்தாலும் சரி. சம்மதம் இல்லாத நிலைதான் இங்கே பேச்சு.

அமெரிக்கப் பதில் இங்கே ஏன் செல்லாது?

கலிபோர்னியாவில் 14 வயது நிறைந்த ஒருவர், பெற்றோர் தடுக்காத நிலையில் தனியாக வாழ்ந்து, தன் பணத்தைத் தானே நிர்வகித்தால், நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடலாம். ஸ்காட்லாந்தில் 16 வயதிலேயே ஒப்பந்தம் போடும் தகுதி வந்துவிடுகிறது. இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கதவே கிடையாது. எவ்வளவு சம்பாதித்தாலும், எவ்வளவு பொறுப்பாக இருந்தாலும், 18 நிறையும் முன் தன்னை மேஜராக அறிவிக்கும்படி எந்த நீதிமன்றத்திடமும் கேட்க முடியாது. காப்பாளரை மாற்றச் சொல்லலாம். காப்பாளரே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

போன பிள்ளை மீது வழக்கு உண்டா?

கிடையாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஓடிப்போவதே சிறார் நீதிமன்றம் விசாரிக்கும் விஷயம். இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம் 2015 பிள்ளைகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறார். இன்னொன்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. வீட்டை விட்டு ஓடிய பிள்ளையை அந்தச் சட்டத்தின் 2(14)ஆம் பிரிவு இந்த இரண்டாவது வகையில் வைக்கிறது. காவல் நிலைய லாக்கப்பில் வைக்கவோ குற்றவாளிபோல நடத்தவோ இடமில்லை.

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் மட்டும் பழைய நெடி அடிக்கிறது. காப்பாளரை விட்டுப் போன பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க, தேவைப்பட்டால் கைது செய்தும் கொண்டுவர உத்தரவிடலாம் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது: திரும்பிப் போவது பிள்ளையின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். பெற்றோரின் உரிமைக்காக மட்டும் அந்த உத்தரவு வராது.

உதவியவர் கதி என்ன?

உண்மையான சட்ட ஆபத்து இங்கேதான். கிளம்பியவருக்கு ஒன்றும் ஆகாமல், வண்டியில் ஏற்றிப் போனவர் சிறைக்குப் போன கதைகள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் நிறைய.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட ஒருவரைச் சட்டப்படியான காப்பாளரின் சம்மதமின்றி அவரது பொறுப்பிலிருந்து அழைத்துச் செல்வதையும் ஆசைகாட்டி இழுத்துச் செல்வதையும் ஆள்கடத்தல் என்கிறது. 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பிள்ளை சம்மதித்ததா என்பது கணக்கில் வராது, சம்மதிக்க வேண்டியவர் காப்பாளர். முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 16 என்று வயதுவரம்பு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் இருபாலருக்கும் 18. பதினேழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனால் கடத்தல் ஆகாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய புத்தகத்தைப் பார்க்கிறார்கள்.

பிள்ளையே கிளம்பி வந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு சென்னையிலிருந்து போனது: வரதராஜன் எதிர் மெட்ராஸ் அரசு. 1960இல் நடந்த சம்பவம். மேஜராகச் சில வாரங்களே இருந்த கல்லூரி மாணவி அவர். பக்கத்து வீட்டு இளைஞரோடு பழகுவது தெரிந்ததும், தந்தை அவரைக் கோடம்பாக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை அந்தப் பெண் தானாக வெளியே வந்து இளைஞருக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு தெருவைச் சொல்லி அங்கே வரச் சொன்னார். அவர் காரில் வந்தார். இருவரும் நகைக்கடைக்குப் போய்த் திருமாங்கல்யம் வாங்கினார்கள், பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் திருமண ஒப்பந்தம் பதிந்தார்கள், அப்புறம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். கடைசியில் தஞ்சாவூரில் போலீஸ் பிடித்தது. கீழ் நீதிமன்றம் அந்த இளைஞருக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

1964இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அழைத்துச் செல்வது வேறு, கூட வருபவரை வர விடுவது வேறு என்பது தீர்ப்பின் சாரம். தான் என்ன செய்கிறோம் என்று முழுதாக அறிந்த ஒரு பெண் தன் முடிவில் கிளம்பி வந்து சேர்ந்திருக்கிறார். அவரைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடாதது ஒரு குற்றமாகாது என்றது நீதிமன்றம்.

இதைப் படித்துவிட்டு யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது. தீர்ப்பு அந்த வழக்கின் உண்மைகளோடு இறுகக் கட்டப்பட்டது: பெண்ணின் வயது, படிப்பு, நகரத்தில் வளர்ந்த பழக்கம், முதல் அடியை அவரே எடுத்தது. முன்பே ஆசை வார்த்தை சொல்லியிருந்தால், "வா, நான் பார்த்துக்கறேன்" என்று தூண்டியிருந்தால் பாதுகாப்பு போய்விடும். 1973இல் ராஜா ராம் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், பலாத்காரமோ மோசடியோ தேவையில்லை, மனத்தில் விருப்பத்தை உண்டாக்கும் வற்புறுத்தலே போதும் என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு அந்த வற்புறுத்தலுக்கு ஆதாரம் தேட நெடுந்தூரம் போக வேண்டாம், வாட்ஸ்அப் உரையாடலை எடுத்துவிடுவார்கள்.

காதல் இல்லாத உதவிக்கும் இதே அளவுகோல்தான். நண்பனின் அம்மா, அத்தை, ஆசிரியர் யாராக இருந்தாலும், அடிபட்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு ராத்திரி இடம் கொடுப்பது கடத்தல் ஆகாது. தகவல் சொல்லாமல் நாள்கணக்கில் ஒளித்துவைப்பதுதான் சிக்கல். கைவிடப்பட்ட, வழிதவறிய, ஆதரவற்ற குழந்தையைக் காணும் எவரும் 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண், காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழுமம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இவற்றில் ஒன்றுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஓடி வந்த பிள்ளை விஷயத்திலும் 1098க்குப் பேசிவிடுவதே உதவுபவருக்கான கவசம்.

புகார் கொடுத்தபின் நடப்பது

1. 18க்கு உட்பட்டவர் காணவில்லை என்றால் போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். "ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. கடத்தலோ ஆள் விற்பனையோ நடந்திருக்கலாம் என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது.

2. பெற்றோர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். யாராவது சட்டவிரோதமாகப் பிள்ளையை வைத்திருக்கிறார்கள் என்று காட்டினால், பிள்ளையை நேரில் கொண்டுவரச் சொல்லும் நீதிமன்றம்.

3. கிடைத்த பிள்ளையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் கூடாத நேரமென்றால் தனி உறுப்பினர் ஒருவரின் முன் நிறுத்தலாம்.

4. குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிவாகும். யாரோடு போனார், ஏன் போனார் என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் வழக்கின் தலைவிதியையே தீர்மானித்துவிடும்.

இடையில் ஒரு விஷயம். பிள்ளை காணாமல் போனதும் படத்தோடு பரவும் வாட்ஸ்அப் செய்தி, கிடைத்துவிட்ட பின்பும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நல்ல எண்ணத்தில் பகிர்பவர்களும் "கிடைத்துவிட்டார்" என்று தெரிந்தவுடன் அழித்துவிடுவது நல்லது.

குழந்தைகள் நலக் குழுமம்: பிள்ளைக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு

செய்திகளில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த அமைப்புதான், என் கருத்தில், முழு விஷயத்துக்கும் அச்சாணி. மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய இது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நடுவர் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு, மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். கூடும் இடம் நீதிமன்றம்போலத் தோன்றக் கூடாது, குழந்தையோடு நேருக்கு நேர் பேசும்படி இருக்கைகள் போட வேண்டும் என்பதுவரை விதிகளில் எழுதியிருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சிறார் நீதிச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் இருக்கிறது. போலீசார், அரசு ஊழியர், சமூகப் பணியாளர், மருத்துவர், செவிலியர் என்று குழந்தையைக் குழுமத்தின் முன் கொண்டுவரக் கூடியவர்களைப் பட்டியலிடும் அந்தப் பிரிவு, "குழந்தை தானாகவே" என்பதையும் சேர்த்திருக்கிறது. அதாவது, வீட்டில் இருக்க முடியாத ஒரு பதினாறு வயதுப் பெண் யார் துணையும் இல்லாமல் குழுமத்தின் அலுவலகத்துக்கு நடந்து போய், "எனக்கு வீட்டுக்குப் போக வேண்டாம்" என்று சொல்லலாம். பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. ரயிலேறுவதற்கும் இதற்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்: ரயிலேறியவரைத் தேடிப் பிடிக்கிறார்கள், இங்கே வந்தவரிடம் காரணம் கேட்கிறார்கள்.

கேட்டபின் குழுமம் என்ன செய்யும்? சமூகப் பணியாளரை அனுப்பி வீட்டு நிலவரம் விசாரிக்கும். அந்த அறிக்கை 15 நாளில் வர வேண்டும், இறுதி உத்தரவு முதல் நாளிலிருந்து 4 மாதத்துக்குள். அதுவரை பிள்ளை அரசு அல்லது பதிவு பெற்ற குழந்தைகள் இல்லத்திலோ, தகுதியானவர் என்று குழுமம் ஏற்கும் ஒருவரிடமோ இருக்கலாம். அந்தத் தகுதியானவர் தாத்தா பாட்டியாகவும் இருக்க முடியும்.

இறுதியில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். சட்டமே அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. குடும்பத்தோடு சேர்ப்பது முதல் தெரிவு, இல்லத்தில் வைப்பது கடைசி வழி. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டாக வேண்டும், ஆனால் கேட்டபடியே செய்ய வேண்டும் என்பதில்லை. திட்டினார்கள், மொபைலைப் பிடுங்கினார்கள் என்ற காரணங்கள் நிற்காது. அடி, பாலியல் தொல்லை, படிப்பை நிறுத்திக் கல்யாண ஏற்பாடு, பட்டினி போடுதல் என்றால் நிலைமை தலைகீழ். அப்போது பெற்றோர் மீதே அதே சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் கொடுமைக்கான வழக்கோ, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வழக்கோ வரலாம். குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கும் வீட்டுக்குக் குழந்தையைத் திருப்பி அனுப்பும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

குறையும் இருக்கிறது. 1098க்கு அழைத்தால் உதவி கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைகளே குறைவு, குழுமத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பாடப்புத்தகத்தில் ஒரு தொலைபேசி எண்ணாக நின்றுவிடுகிறது இந்த உரிமை.

சரி, தனியாக வாழவே முடியாதா?

நடைமுறையில் எங்கே முட்டும் என்று பார்க்கலாம்.

1. வாடகை வீடு: மைனர் போடும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் 1903இல், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் சட்டம். தமிழ்நாட்டில் வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்பதால், விவரம் தெரிந்த வீட்டுக்காரர் எவரும் இதில் இறங்க மாட்டார்.

2. வேலை: 14 முடிந்தவர் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது.

3. வங்கி: இதில் மட்டும் கொஞ்சம் தாராளம். 10 வயது முடிந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு வைத்து நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி மறுபடி உறுதி செய்தது.

கல்யாணம் செய்துகொண்டால் தப்பிக்கலாமா?

முடியாது, சிக்கல் பெருகும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006. காப்பாளரிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்ச் செய்த குழந்தைத் திருமணம் அதன் 12ஆம் பிரிவின்படி செல்லவே செல்லாது. கோயிலில் தாலி கட்டியதால் பெண் மேஜராகிவிடுவதில்லை. மனைவியே ஆனாலும் 18க்கு உட்பட்டவரோடு உறவு கொள்வது பாலியல் வல்லுறவு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. போக்சோவில் பிள்ளையின் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து ஓடும் வழக்குகளில் இது பையனின் வாழ்க்கையையே முடித்துவிடுகிறது என்ற கவலை நீதிமன்றங்களுக்கும் உண்டு. போக்சோவில் வயதை 16 ஆக்குவது பற்றி யோசிக்கலாம் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் பரிந்துரைத்தது. காதல் சார்ந்த வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். சட்டத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை.

பெற்றோர் பிரிந்திருந்தால்

அப்பாவிடமிருந்து அம்மாவிடம் போக விரும்பும் பிள்ளைக்கு வழி இன்னும் எளிது. காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, யோசித்துத் தெரிவு செய்யும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை சொல்வதை நீதிபதிகள் அறையில் தனியாகக் கேட்டறிவது வழக்கம். ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதை மாற்றக் கோரி மனுப் போட வேண்டுமே தவிர, ஒருவர் தானாகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

எங்கே இருந்தாலும் ஒன்று மாறாது: மைனர் பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுக்கும் கடமை. வீட்டை விட்டுப் போய்விட்டான் என்பதற்காக அப்பா கைகழுவ முடியாது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளை ஜீவனாம்சம் கேட்கும் உரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் இருக்கிறது. "போனா போகட்டும், சல்லிக்காசு தர மாட்டேன்" என்பது கோபத்தில் வரும் பேச்சு, சட்டத்தில் செல்லாது.

18 நிறைந்த நாளில்

அன்று காட்சி மாறுகிறது. பெற்றோர் போட்ட ஆட்கொணர்வு மனுவில் நீதிபதி கேட்பது ஒன்றைத்தான்: "உங்கள் விருப்பப்படிதான் இருக்கிறீர்களா?" ஆம் என்றால் மனு முடிந்தது. பெற்றோரில் எவரோடு வாழ்வது என்பதைப் பதினெட்டு வயது நிறைந்த மகளே முடிவு செய்வாள், நீதிமன்றம் சூப்பர் காப்பாளர் ஆக முடியாது என்று 2018இல் சோனி ஜெரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நந்தகுமார் வழக்கில், பையனுக்கு 21 ஆகாததால் திருமணத்தில் கேள்வி எழுந்தாலும், இருவரும் மேஜர் என்பதால் சேர்ந்து வாழத் தடையில்லை என்றது. இல்லத்தில் வளர்ந்தவர்கள் அன்றோடு தெருவுக்கு அனுப்பப்பட மாட்டார்கள், சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தரும் பின்பராமரிப்பு உதவி அவர்களுக்கு உண்டு.

ஆனால் அந்த நாளுக்கு முன் நடந்தவற்றை 18 என்ற எண் அழித்துவிடாது. பதினேழரை வயதில் கூட்டிக்கொண்டு போனதற்காகப் பதிவான வழக்கு, அந்தப் பெண் மேஜரான பின்பும், "நான்தான் போனேன்" என்று அவரே சாட்சி சொன்னாலும், தானாக முடிந்துவிடாது. அதை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.